பெஞ்சுக்கடியில் பூசணி விதைத் தோல்

சராந்திஸைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும் என்றால் அது நானாகவே இருக்கட்டும். பேப்பர்காரர்கள் எழுதினால் அவனை முட்டாளாக்கிவிடுவார்கள். அவன் மனைவி ஹரிக்லியா எழுதினால் அவனை உத்தமனாக்கிவிடுவாள். அவன் இரண்டும் இல்லை. கிரேக்க நாட்டில் எங்கள் துறைமுக ஊரான வோலோஸில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் விதை வறுக்கிற கடை வைத்திருக்கிறவன். ஆறாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் விடைத்தாளைப் பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்தே தோற்றவன்.

நான் எவாந்தியா. துறைமுகத்துக்கு எதிரே சிப்பூரோ கடை நடத்துகிறேன். சிப்பூரோ என்பது திராட்சைச் சாராயம். சின்னச் சின்ன பாட்டிலில் வரும். பாட்டிலுக்கு ஒரு தட்டு கூடவே வரும். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது குடிக்கிறவன் இல்லை, நான்தான். மரியாதையாகப் பேசுகிற மேசைக்கு இறால் போகும். கத்துகிற மேசைக்கு முள் நிறைந்த பொடி மீன் போகும். வாய்க்கு வேலை கொடுத்தால் கொஞ்ச நேரமாவது அடங்குவார்கள் என்ற நம்பிக்கை. சராந்திஸ் உட்காருகிற மேசைக்கு இருபது வருஷமாகப் பொடி மீன்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மேசை நிறைந்துவிடும். சராந்திஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஸ்தெர்யோஸ், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஃபோதிஸ். மூன்று பேருக்கும் ஒரே பேச்சு: எங்கள் ஊர் கால்பந்து டீம் ஆர்கோ, அதன் பயிற்சியாளர் லாஸ்கரிஸ். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். வாத்தியார் என்றால் அவர்தான். நான் மேசைத்துணி மாற்றுகிற வேகத்தில் பயிற்சியாளரை மாற்றுகிற நாடு இது. இங்கே ஒரே டீமில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

சராந்திஸுக்கு அவரோடு தனி உறவு. பத்தொன்பது வயதில் சராந்திஸும் ஆர்கோவில் ஆடப் போகிறவனாகத்தான் இருந்தான். முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முழங்கால் போனது. அப்பாவின் வறுகடைக்குத் திரும்பிவிட்டான். வாத்தியார் இங்கே வந்து நடத்திய முதல் ஆட்டத்தில், பெஞ்சுக்குப் பின்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வாத்தியார் சிகரெட்டை விட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விரல் நகத்தையெல்லாம் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் இவன் கையிலிருந்த பூசணி விதைப் பொட்டலத்தை வேலிக்கு மேலாக நீட்டினான். அன்றைக்கு மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். அப்புறம் யார் விடுவார்கள்? உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அரை மணி முன்னால் பொட்டலம் வேலியைத் தாண்டும். அந்த விதையை அவனே வறுப்பான், ஹரிக்லியாவைத் தொடக்கூட விடமாட்டான். "வறுக்கிற சட்டி, ஆர்கோ, அப்புறம்தான் நான்" என்று அவள் சொல்லுவாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உண்மை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வாத்தியார் ஒவ்வொரு விதையாக முன்பல்லில் வைத்து உடைத்து, தோலைக் காலடியில் துப்புவார். ஆட்டம் முடியும்போது குவியல் கிடக்கும். குவியல் பெரிதாக இருந்தால் மனிதர் பயந்துபோயிருந்தார் என்று அர்த்தம். ஊரே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது. கெர்கிதா என்கிற எங்கள் விளையாட்டுப் பத்திரிகை அதைப் படம் எடுத்துப் போடும்.

அந்த வருஷம் மார்ச்சில் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றோம். வாத்தியாரின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நீட்டிப்பதா, அனுப்புவதா என்று முடிவெடுக்க அடுத்த திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு நிர்வாகக் குழு கூடுவதாக இருந்தது. கெர்கிதா தினமும் அதையே எழுதியது. இருக்கிறார், போகிறார், போகலாம், போகமாட்டார். ஒரு மனிதரை உயிரோடு வைத்துக்கொண்டு தினமும் பாடை கட்டிப் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

செவ்வாய்க்கிழமை சராந்திஸ் வந்து உட்கார்ந்தான். பாட்டிலைத் திறக்கவே இல்லை.

"என்னடா, வயிறு சரியில்லையா?" என்றேன்.

"காலைல வாத்தியார் கடைக்கு வந்தாரு. இந்த ஞாயித்துக்கிழம விதை கொண்டு வராத சராந்தின்னுட்டாரு."

"ஏனாம்?"

"சொல்லல. நானும் கேக்கல. வாயக் கையால பொத்திக்கிட்டே பேசினாரு. அழுதிருப்பாரோ என்னவோ."

ஸ்தெர்யோஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "அப்ப முடிவு பண்ணிட்டாரு. போறாரு."

"வாயக் கழுவுடா. அவரு போறதா இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு," என்றான் சராந்திஸ். ஆனால் குரலில் தெம்பு இல்லை. அவன் வாயில் எதுவும் தங்காது, அது அவன் பிறவிக் குணம். மேசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசவும் அவனுக்கு வராது. ஜன்னலோர மேசையில் ஒரே பாட்டிலை இரண்டு மணி நேரமாக உருட்டிக்கொண்டு பாஸ்காலிஸ் உட்கார்ந்திருந்தான். கெர்கிதா நிருபர். அவன் பேனாவை எடுப்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அது என் பங்குக்கு நான் செய்த தப்பு.

புதன்கிழமை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: "விதை வேண்டாம் என்றார் வாத்தியார். ஞாயிறுதான் கடைசியா?" கீழே, பயிற்சியாளருக்கு மிகவும் நெருக்கமான ஒருவர் கண்ணீர் மல்கத் தெரிவித்ததாக எழுதியிருந்தான். கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று என் கடையில் வெங்காயம்கூட வெட்டவில்லை.

மத்தியானம் மேசை கொதித்தது.

"நெருக்கமானவராம்!" ஃபோதிஸ் பேப்பரைப் புறங்கையால் அடித்தார். "அப்படி ஒருத்தன் இருந்தாத்தானே? இவனே ரூமுக்குள்ள உக்காந்து பேசி, இவனே எழுதிக்கிறான். கிளப் தலைவருக்கு வாத்தியாரத் துரத்தணும். நேரா சொன்னா ஊரு அடிக்கும். அதான் பேப்பர விட்டு மொதல்ல ஒப்பாரி வைக்கச் சொல்றாரு."

"தாத்தா, எல்லாத்துக்கும் ஒரு சதி சொல்லாதீங்க," என்றான் ஸ்தெர்யோஸ். "நாலு மேட்ச் தோத்தது பேப்பர் எழுதியா? இருபத்திரண்டு வருஷம் போதாதா? என் மவன் பொறந்து கல்யாணமே ஆயிருச்சு, பெஞ்சுல அதே ஆளு."

"உன் மவன் ஆர்கோவ ரெண்டாவது டிவிசன்லேருந்து மேல கொண்டு வந்தானா?"

"பேப்பர்ல சும்மாவா போடுவான்? நெருக்கமான ஆளு சொல்லியிருக்கான்ல?"

"அவன் யாருன்னு மட்டும் காட்டு, நான் செருப்பால அடிக்கிறேன். இல்லாத ஆள எங்க போய்க் காட்டுவ?" ஃபோதிஸ் சராந்திஸ் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சராந்தி. பொய்தானே?"

நேற்று அதே நாற்காலியில் தானும் கேட்டுக்கொண்டிருந்தது கிழவருக்கு உறைக்கவே இல்லை. நண்பர்களுக்குள் பேசுவது வேறு, பேப்பர் வேறு அவருக்கு. சராந்திஸ் மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். முள்ளை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் வைத்தான். ஒன்றையும் தின்னவில்லை.

வியாழன் வானொலியில் அதே பேச்சு, வெள்ளி மீன் சந்தையில் அதே பேச்சு. போகிறேன் என்று அவரே நினைத்தால் நாம் தடுக்கலாமா என்று தலைவர் உருக்கமாகப் பேட்டி கொடுத்தார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஃபோதிஸ் சொன்னது பாதியாவது சரி என்று புரிந்தது. துரத்துகிறோம் என்று சொல்ல வேண்டிய அவசியம் இனி அவர்களுக்கு இல்லை. அவர் விருப்பத்துக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த வசதியைச் செய்துகொடுத்தது சராந்திஸின் வாய்.

சனிக்கிழமை காலை அவன் வாத்தியார் வீட்டுக்குப் போனான். அங்கே நடந்ததை அன்று மத்தியானம் என் அடுப்படியில் நின்று சொன்னான்.

கதவைத் திறந்த வாத்தியாருக்கு மேலுதடு வீங்கியிருந்ததாம். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, உதட்டைத் தூக்கிக் காட்டினாராம். சொந்த முன்பல் ஒன்று இல்லை. அந்த இடத்தில் மருத்துவர் தற்காலிகமாக ஒரு பல்லை ஒட்டியிருக்கிறார்.

"விதையக் கடிச்சா இந்தப் பல்லு கழண்டு வந்துரும்னு டாக்டர் சொல்லிட்டான். அதான் வேணாம்னேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே வாத்தியாரே!"

"எப்படிச் சொல்றது? இருபத்திரண்டு வருஷம் ஒரே பல்லுல உடைச்சு உடைச்சுப் பள்ளம் விழுந்துதான் போச்சுன்னான் டாக்டர். உன் விதையாலதான் போச்சுன்னு உன் மூஞ்சியப் பாத்து நான் சொல்லணுமா? நீ அந்தச் சட்டியவே தூக்கிப் போட்டுருவ."

அப்புறம் அவர் கேட்டிருக்கிறார். "விதை வேணாம்னு நான் சொன்னது உனக்கு மட்டும்தான் தெரியும். பேப்பருக்கு எப்படிப் போச்சு, சராந்தி?"

"தெரியலையே வாத்தியாரே" என்றிருக்கிறான் இவன்.

இதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "அட மடையா, அங்கேயே கால்ல விழுந்திருக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன். அவன் நேரே போய்க் கடையைச் சாத்திக்கொண்டு, உப்பு குறைவாகப் போட்டு ஒரு சட்டி விதை வறுத்து, ஒவ்வொன்றாக நகத்தால் உரிக்க உட்கார்ந்தான். உதவிக்கு வந்த ஹரிக்லியாவை விரட்டிவிட்டான். பூசணி விதையை நகத்தால் உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறு விதைக்குள் விரல் நுனி எரிய ஆரம்பிக்கும். அவன் ஒரு முழுப் பொட்டலத்துக்கு உரித்தான். தோலை ஒரு கோணியில் போட்டு வைத்தான், அடுப்புக்கு ஆகும் என்று.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் வேலியைத் தாண்டியது. வாத்தியார் பிரித்துப் பார்த்தார். உள்ளே வெறும் பருப்பு. அவர் சராந்திஸின் தோளை வேலி வழியாகவே தட்டினாராம். ஆட்டம் முழுக்க பையில் கைவிட்டுக் கைவிட்டுத் தின்றார். ஒன்றுக்கு ஒன்று சமநிலையில் முடிந்தது. தோல் இல்லாத விதைக்குக் காலடியில் எதுவும் விழாது என்று சராந்திஸுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பாஸ்காலிஸுக்குத் தோன்றியது. திங்கட்கிழமை கெர்கிதாவில் இரண்டு படம் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று பழையது, வாத்தியாரின் காலணியைச் சுற்றித் தோல் குவியல். இன்னொன்று நேற்று எடுத்தது, துடைத்துவிட்ட மாதிரித் தரை. மேலே: "ஒரு தோல்கூட இல்லை. மனதால் போய்விட்டார்."

"இப்ப என்ன சொல்றீங்க தாத்தா?" ஸ்தெர்யோஸ் பேப்பரை மேசையில் விரித்தான். "படம் பொய் சொல்லுமா? மனுசன் மேட்ச்சப் பத்திக் கவலையே படல. விதையத் தொடல."

ஃபோதிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "அப்ப நெஜமாத்தான் போறாரா?" என்றார். அந்தக் கிழவரின் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. மணி இரண்டரை. ஆறு மணிக்குக் கூட்டம்.

சராந்திஸ் எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"தின்னாரு. ஒரு பொட்டலம் முழுசும் தின்னாரு. நான்தான் உரிச்சுக் குடுத்தேன். அவருக்குப் பல்லு போயிருச்சு. அதுக்குத்தான் விதை வேணாம்னாரு. அந்த நெருக்கமானவன் நான்தான். இங்க உக்காந்துதான் சொன்னேன்."

முதலில் சிரித்தது ஸ்தெர்யோஸ். "மச்சான், நீ அவருக்கு நண்பன். இப்படித்தான் சொல்லுவ. பல்லாம்!" ஆனால் ஃபோதிஸ் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது.

"அன்னிக்கு நீ எங்ககிட்ட சொன்னதுதான் இந்தக் கண்றாவியா? அஞ்சு நாளா அப்படி ஒருத்தன் இல்லவே இல்லன்னு நான் ஊரு பூரா கத்திக்கிட்டிருக்கேன். பஸ்ல சண்ட போட்டேன். மருமகன்கிட்ட சண்ட போட்டேன். நீ என் முன்னாடியே மீன் பிச்சுக்கிட்டு இருந்தியேடா!"

சராந்திஸ் பாஸ்காலிஸ் உட்கார்ந்திருந்த ஜன்னலோர மேசைக்குப் போனான். "பாஸ்காலி, கேட்டேல்ல? இத எழுது. இப்பவே உன் ஆபீசுக்குப் போன் போடு."

"நாளைக்குப் பாக்கலாம்ணே."

"கூட்டம் இன்னிக்கு ஆறு மணிக்கு."

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வாத்தியார் போறாருன்னா பேப்பர் விக்கும். வாத்தியாருக்குப் பல்லுவலின்னா யார் வாங்குவா? நான் பொய் ஒண்ணும் எழுதலையே. வேணாம்னாரு, எழுதினேன். தோல் இல்ல, படம் போட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இன்னொண்ணு" என்றான்.

நான் பாட்டிலைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். வெறும் பாட்டில். தட்டு வைக்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒருவனை அவமானப்படுத்த முடியாது. கடையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெளியே போனான். இருபது வருஷத்தில் அப்படி ஒரு தடவைதான் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வருத்தமில்லை.

ஐந்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். ஆர்கோ அலுவலகத்து வாசலில் நூறு நூற்றைம்பது பேர் நின்றார்கள், பாதிப் பேர் போகட்டும் என்றும் பாதிப் பேர் இருக்கட்டும் என்றும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு. சராந்திஸ் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மாடிப்படியில் காவலுக்கு நின்றவன் மறித்தான். "விதை கொண்டாந்திருக்கேன்" என்றான் இவன். பழக்க தோஷம், காவல்காரன் வழிவிட்டான். நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

நீள மேசை. ஏழு பேர். மேசைக்கடைசியில் வாத்தியார், வாய்மேல் கையை வைத்துக்கொண்டு. சராந்திஸ் கோணியைத் தலைகீழாகப் பிடித்தான். தோல் மேசையெல்லாம் பரவி, தலைவரின் காகிதங்களை மூடியது.

"யோவ், என்னய்யா இது?"

"நேத்து வாத்தியார் காலடில விழுந்திருக்க வேண்டியது, தலைவரே. எண்ணிப் பாத்துக்குங்க." அவன் நகக்கண்ணெல்லாம் புண்ணாக இருந்ததை அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். "போறேன்னு அவரு யார்கிட்டயும் சொல்லல. விதை வேணாம்னு எங்கிட்ட சொன்னாரு, அத நான் கடையில உக்காந்து உளறினேன். பேப்பருக்குப் போனது என்னாலதான். அவர அனுப்பறதா இருந்தா நீங்களா அனுப்புங்க. அவரா போனாருன்னு சொல்லாதீங்க."

வாத்தியார் அவனைப் பார்த்தார். மேசையிலிருந்த எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். அந்தத் தற்காலிகப் பல்லைப் பிடுங்கி, தோல் குவியல்மேல் வைத்தார். "நான் எங்கயும் போகல" என்றார். காற்று புகுந்து வார்த்தை உருத்தெரியாமல் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

தலைவர் ஜன்னலுக்குப் போய்க் கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். துரத்தினோம் என்ற பெயரை ஏற்க அவருக்குத் தைரியம் இல்லை. ஏழரை மணிக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். கீழே ஃபோதிஸ் யார் யாரையோ கட்டிப்பிடித்து அழுதார். ஸ்தெர்யோஸ்கூடக் கை தட்டினான், அவன் அப்படித்தான்.

நானும் சராந்திஸும் படியில் நின்றிருந்தோம். வாத்தியார் இறங்கி வந்தார். எங்களைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றார்.

"சனிக்கிழமையே கேட்டேனே, சராந்தி," என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த உள்ளூர் ஆட்டம் இரண்டு வாரம் கழித்து. நான் கால்பந்து பார்க்கப் போகிறவள் இல்லை, அன்று போனேன். பெஞ்சுக்கு நேர் மேலே உட்கார்ந்தேன். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் சராந்திஸ் உரித்த பருப்பை நீட்டினான். வாத்தியாருக்கு இப்போது நல்ல பல் கட்டியாகிவிட்டது. ஆனாலும் உரித்துத்தான் கொண்டுபோயிருந்தான். அவர் திரும்பினார். "வேணாம், சராந்தி" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்ததில் தெரிந்தது. முகத்தில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மைதான ஓரத்தில் கெர்கிதாவின் படக்காரன் கேமராவோடு உட்கார்ந்திருந்தான். சராந்திஸ் அவனைப் பார்த்தான். பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்தான். மறு பையிலிருந்து தன் கடையில் விற்கிற சாதாரண விதையை, உப்புத் தூக்கலாகப் போட்டதை, எடுத்தான். பெஞ்சுக்குப் பின்னால் வேலியோடு ஒட்டி நின்றுகொண்டு உடைக்க ஆரம்பித்தான். உடைப்பதும், தோலைக் கைக்குள் துப்பி, யாரும் பார்க்காதபோது வேலி இடுக்கு வழியாக வாத்தியாரின் காலடியில் போடுவதுமாக இருந்தான். தொண்ணூறு நிமிடமும் நிறுத்தவில்லை. எழுபதாவது நிமிடத்தில் வாத்தியார் ஒருமுறை குனிந்து பார்த்தார். காலை நகர்த்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர்கள் ஆர்கோ கோல் போட்டதற்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் கெர்கிதாவில் குவியல் படம் வந்தது. "பழைய வாத்தியார் திரும்பிவிட்டார்" என்று போட்டிருந்தான். மத்தியானம் மூன்று பேரும் வந்தார்கள். சராந்திஸின் உதடு உப்பில் வெடித்து வீங்கியிருந்தது. ஃபோதிஸ் இன்னும் அவனோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நேத்து எவ்வளவு தின்னாருடா?"

சராந்திஸ் பாட்டிலைத் தள்ளி வைத்தான். அந்த உதட்டோடு சாராயத்தைத் தொட முடியாது.

"முழுப் பொட்டலமும், தாத்தா," என்றான்.

அவன் கோட்டு நாற்காலியில் தொங்கியது. பையில் அந்தப் பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. நான் கோட்டின் மடிப்பை இழுத்து அதை மூடிவிட்டு, அடுப்படிக்குப் போய் அந்த மேசைக்கு இறால் எடுத்து வந்தேன்.